பதினோராம் எண் கூண்டு

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் போதும், தொலைக்காட்சியின் அடியில் அந்த வரி ஓடத் தொடங்கிவிடும்: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கடலூர், நாகை துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். கூண்டை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனாலும் எண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும். இவற்றை எந்த வரிசையில் தொங்கவிட்டால் என்ன பொருள் என்று பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே முடிவு செய்தார்கள். ஒவ்வொரு துறைமுகமும் தன் போக்கில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தால், கல்கத்தாவிலிருந்து வரும் மாலுமிக்குச் சென்னைக் கொடி விளங்காது. அதனால் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே முறை. 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது, கப்பல்கள் கவனம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 8-க்கும் 9-க்கும் உள்ள வேறுபாடு, புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதுதான்.

கடைசியாக 11. அதன் பொருள் பெரும்பாலோருக்குத் தெரியாது. 10-ஐ விடப் பெரிய புயல் என்று நினைப்பார்கள். உண்மையில், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அந்தக் கூண்டு சொல்லும் சேதி. எங்களுக்கே எதுவும் தெரியவில்லை, நீங்கள் மோசமானதை எதிர்பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்பதையும் ஓர் எண்ணாக எழுதி வைத்தவர்களின் அறிவை மெச்சத்தான் வேண்டும்.

எல்லாரும் ஒத்துக்கொண்ட இப்படி ஒரு முறைக்குத்தான் தரநிலை என்று பெயர். காலநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சில் சூரியத் தகடு வருகிறது, மின்சார ஸ்கூட்டர் வருகிறது, பனை விதை வருகிறது. தகவல் தொழில்நுட்பத் தரநிலை வருவதில்லை. அது யாரோ ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதும் எண்ணிட்ட ஆவணம், நமக்கென்ன என்ற நினைப்பு. கோவளத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டை வரை நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கரையில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலான இந்தக் கரையில் கூண்டு ஏற்றத் துறைமுகமே இல்லை. டச்சுக்காரர்கள் வணிகம் செய்த சதுரங்கப்பட்டினம் இன்று மீனவ ஊர். பட்டிப்புலம், சூளேரிக்காடு, தேவநேரி, கொக்கிலமேடு, உய்யாலிக்குப்பம் என்று வரிசையாக இருக்கும் ஊர்களுக்குச் சேதி வேறு வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

மாண்டஸ் வந்த இரவு

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைத் தொட்டது. நடுநிசி தாண்டிக் கடந்து முடிந்தபோது காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், இடையிடையே 85. கடலில் தீவிரப் புயலாக இருந்தது கரைக்கு வருமுன் வலு குறைந்தது நம் நல்லூழ். பெயர் ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்தது. பெயர்ப் பட்டியலும் ஒரு தரநிலைதான்: 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 2020-இல் 169 பெயர்களாக வெளியானது. இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு'ம் உண்டு. அந்தப் பெயரில் ஒரு புயல் வரும்போது நம் தலைப்புச் செய்தியாளர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

மாண்டஸ் வருவது நாட்கணக்கில் முன்பே தெரியும். செயற்கைக்கோள் பார்த்தது, சென்னையின் டாப்ளர் ரேடார் பார்த்தது. இன்றைய புயல்களில் 'தெரியாது' என்ற சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும் சிக்கல். வானிலை ஆய்வு மையம் பேக்ஸ் அனுப்பும்; ஆட்சியர் அலுவலகம் அதைத் தட்டச்சு செய்து தாசில்தாருக்கு அனுப்பும்; தாசில்தார் கிராம நிர்வாக அலுவலரை போனில் பிடிப்பார்; அவர் தண்டோரா போடச் சொல்வார். வெகுகாலம் வழி இதுதான். ஒவ்வொரு கை மாறும்போதும் சேதி கொஞ்சம் தேயும், கொஞ்சம் வீங்கும். தண்டோராவை 2022 ஆகஸ்டில் அரசு நிறுத்தியது. இனி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். யாரோ சிலரின் தலையில் மட்டும் சாதி கட்டிவிட்ட வேலை அது, ஒழிந்தது நல்லது.

இந்தச் சங்கிலியை மாற்றியது ஒரு படிவம். 'பொது எச்சரிக்கை நெறிமுறை' என்பது அதன் பெயர். துறையில் சுருக்கமாக 'கேப்' என்பார்கள். அமெரிக்காவில் ஆர்ட் பாட்டரெல் என்ற பேரிடர்த் தகவல் வல்லுநர் முன்னின்று தொடங்கிய வேலை. ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு 2004 ஏப்ரலில் அதன் முதல் பதிப்பை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பர் 26 காலை மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. பின்னால் அலை வந்தது. எட்டு மாதம் முன்பே பிறந்த படிவம் இந்தக் கரைக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அன்று இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் வளாகத்தில் அந்த மையம் 2007-இல் திறந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கேப்-ஐ எக்ஸ்.1303 என்ற எண்ணில் தன் தரநிலையாக்கியதும் அதே ஆண்டுதான்.

2004-இல் ஓர் ஊர் தப்பியது நினைவிருக்கலாம். புதுச்சேரிக் கரையின் நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு போன் செய்தார், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது, சனம் வெளியேறியது. ஒரு தனிமனிதரின் பாசமும் ஓர் ஒலிபெருக்கியும் தற்செயலாகச் சந்தித்த கதை அது. அந்தத் தற்செயலை வழக்கமாக்குவதே தரநிலையின் வேலை.

படிவத்தில் என்ன இருக்கிறது?

கணினி மொழியில் அது எக்ஸ்எம்எல். நம் மொழியில் சொன்னால், வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிரப்பும் தாளைப் போன்றது: முக்கியமான கட்டங்கள் நிரம்பினால்தான் மனு நகரும். யார் அனுப்புகிறார், எப்போது அனுப்பினார், எப்போது காலாவதி ஆகும், இது உண்மையா ஒத்திகையா, புதிய எச்சரிக்கையா பழையதன் திருத்தமா ரத்தா, எந்த மொழி, எந்த நிகழ்வு. பிறகு மூன்று கட்டங்கள்: எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி. கடைசியாக, என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுரை. எந்த இடம் என்ற எல்லை.

அவசரம், கடுமை, உறுதி மூன்றையும் பிரித்ததுதான் இதில் பெரிய காரியம். நம் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 'ரெட் அலர்ட்' என்றதும் மழை கொட்டப் போவது உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். கொட்டாவிட்டால் வானிலைக்காரர்களைக் கிண்டல் செய்து மீம் போடுகிறோம். 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதி கனமழை. அப்படிப் பெய்ய பாதிக்கு மேல் வாய்ப்பு என்பது வேறு, பெய்துகொண்டிருக்கிறது என்பது வேறு. 2015 டிசம்பர் 1-2 இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அன்று தேவைப்பட்டது மூன்றாவது நாள் மழைக்கான முன்னறிவிப்பு அல்ல. இன்னும் எத்தனை மணி நேரத்தில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்ற விவரம்.

'காலாவதி' என்ற கட்டத்தையும் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஒவ்வொரு நவம்பரிலும் பழைய புயலின் காணொளி வாட்ஸ்அப்பில் புதிதாகச் சுற்றுகிறது. அதில் தேதி இல்லை, அனுப்பியவர் இல்லை, முடிவும் இல்லை. கேப் செய்தி அப்படித் திரிய முடியாது. நேரம் முடிந்தால் தானாகச் செத்துவிடும்.

இந்தியாவில் இதை நடைமுறைப்படுத்தும் ஏற்பாட்டுக்கு 'சசேத்' என்று பெயர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் செய்தது; முன்னோட்டம் நடந்தது தமிழ்நாட்டில்தான். 2020-இல் நிவர், புரெவி புயல்களின்போது இது வேலை செய்தது. வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், இன்காய்ஸ் எல்லாம் தத்தம் சேதியை ஒரே வடிவத்தில் போடுகின்றன. மாநிலப் பேரிடர் ஆணையம் பார்த்து அனுமதிக்கிறது. அந்தப் பகுதியிலுள்ள போன்களுக்குப் போகிறது. இந்த வழியில் தட்டச்சு செய்வோர் சங்கிலி தேவையில்லாமல் போனது. இதற்குத் தேவைப்பட்டது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே கட்டங்களை நிரப்ப ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எழுபது எழுத்து

இனி தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70. காரணம், ஆங்கில எழுத்தொன்றுக்கு ஏழு பிட் போதும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் பதினாறு பிட் எடுக்கிறது. அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'செங்கல்பட்டு' நமக்கு ஏழு எழுத்து, போனுக்குப் பன்னிரண்டு.

ஒரு சாதாரண எச்சரிக்கையை எழுதிப் பாருங்கள்: 'செங்கல்பட்டு மாவட்டத்தில் அடுத்த மூன்று மணி நேரத்தில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு.' எழுபதாவது குறி எங்கே விழுகிறது தெரியுமா? 'மழை'யின் ம-வில். மழை என்ற சொல் முடிவதற்குள் முதல் செய்தி நிரம்பிவிடுகிறது. போன் இரண்டு துண்டுகளை ஒட்டிக் காட்டும், உண்மைதான். ஆனால் புயல் நேரத்தில் நெரிசலான செல்போன் கோபுரத்திலிருந்து இரண்டு துண்டும் வந்து சேர வேண்டும். இடி, மழை சொல்வதற்கே இந்தப் பாடு என்றால், 'கரையோரம் நிற்காதீர்கள், படகை மேடேற்றுங்கள்' என்ற அறிவுரைக்கு இடம் எங்கே?

அதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. தமிழ்ச் செய்தி வந்தால் போன் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியானபோது, போனில் தமிழ்க் குறுஞ்செய்தி என்பதே கொண்டாடத் தக்க செய்தியாக இருந்தது. இந்தியாவில் விற்கும் எந்த போனும், ஆயிரம் ரூபாய் பட்டன் போன் உட்பட, எல்லா இந்திய மொழிகளையும் திரையில் காட்டியே ஆக வேண்டும் என்பதை ஐஎஸ் 16333 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி கட்டாயமாக்கியது. மீனவர் மடியில் கட்டிக்கொண்டு போகும் போனில் தமிழ் தெரிகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த எண் இருக்கிறது. காலநிலைக் கொள்கை ஆவணம் எதிலும் இது இடம்பெறுவதில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கரையின் காலநிலைத் தற்காப்பில் கருங்கல் தூண்டில் வளைவுகளுக்குச் சமமாக இதையும் வைப்பேன்.

குறுஞ்செய்தியின் நெருக்கடிக்கு மாற்றுதான் 'செல் பிராட்காஸ்ட்'. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் போன்கள் ஒருசேர அலறினவே, அந்த ஒத்திகை. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணாகத் தேடிப் போகும். இது வானொலி மாதிரி, கோபுரத்தின் கீழ் எத்தனை போன் இருந்தாலும் ஒரே வீச்சு. எண் தெரிய வேண்டாம், நெரிசல் கிடையாது. பதினைந்து பக்கம் வரை அனுப்பலாம். தமிழில் ஏறக்குறைய 600 குறி. அறிவுரைக்கு இடம் கிடைத்துவிட்டது.

மாமல்லபுரத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2021-22-இல் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டார் மிக அதிகம் வந்தது இங்கேதான், தாஜ்மகாலைக் கூட முந்தி, 1,44,984 பேர். கடற்கரைக் கோயிலின் முன் நிற்கும் கொரியப் பயணியின் எண் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை. ஆனால் 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒதுக்கிய, 4370-இல் தொடங்கும் செய்தி எண்களை அவருடைய போனும் அறியும். அவர் மொழிக்கும் எண் ஒதுக்கலாம். கூடுதல் மொழிக்கான வரிசை தரநிலையிலேயே இருக்கிறது.

கடலுக்குள் போனால் கதை வேறு. கோபுரத்தின் அலை சில மைல்களோடு நின்றுவிடும். அங்கே செயற்கைக்கோள்தான். ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் வழியாகச் சேதி வாங்கும் 'ஜெமினி' கருவி 2019-இல் வந்தது. இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை ஆபத்து உதவிக் கருவி 2024 தொடக்கத்தில் வந்தது. இதில் கரைக்குச் சேதி சொன்னால், கிடைத்தது என்று கரையிலிருந்து பதிலும் வரும். வாடையும் கொண்டலும் கச்சானும் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு, காற்று மாறும் முன்பே மாற்றம் தெரிவது சின்ன விஷயம் இல்லை. ஃபைபர் படகுக்காரர்கள் எத்தனை பேர் கையில் இந்தக் கருவி என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

நிரப்பாத கட்டங்கள்

இவ்வளவு இருந்தும் போனில் வரும் எச்சரிக்கையை எத்தனை பேர் படிக்கிறோம்? குறை நெறிமுறையில் இல்லை. நிரப்பும் விதத்தில் இருக்கிறது. எல்லை என்ற கட்டத்தில் பலகோணம் வரையலாம், கோவளம் முதல் கல்பாக்கம் வரையான ஒரு கீற்றை மட்டும் கூடக் குறிக்கலாம். வழக்கத்தில் வருவதோ முழு மாவட்டம். 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம் பல்லாவரத்தில் தொடங்கிச் செய்யூரில் முடிகிறது. பல்லாவரத்தில் வெயில் அடிக்கும்போது செய்யூர் மழைக்கான சேதி வந்தால், மூன்றாவது முறை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மதுராந்தகம் ஏரி நிரம்பி உபரிநீர் கிளியாற்றில் இறங்கும்போது அபாயம் மாவட்டத்துக்கு இல்லை, ஆற்றோர ஊர்களுக்கு. பலகோணம் பிறந்ததே இதற்காகத்தான். வானிலை எச்சரிக்கையை விட நீர்த்திறப்பு எச்சரிக்கைக்கு உறுதி அதிகம். மதகைத் திறப்பவர் நம் அதிகாரி. அந்தச் சேதி, எத்தனை கன அடி என்ற எண்ணோடு நிற்காமல், எந்த ஊர், எத்தனை மணிக்குள், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று நிரம்பி வர வேண்டும். கன அடி பொறியாளருக்கான அலகு. கிளியாற்றங்கரைப் பாட்டிக்கு நேரமும் இடமும்தான் வேண்டும்.

நிரப்பாத கட்டங்கள் கடலோரத்தில் மட்டும் இல்லை. அதே மாவட்டத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி இருக்கிறது. சிப்காட் வளாகத்தில் மென்பொருள் நிறுவனங்களை அடுத்துத் தரவு மையங்கள் எழுந்துள்ளன. சிஃபி, ஈக்வினிக்ஸ் இரண்டுமே அங்கு உண்டு. மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் இப்படிப்பட்ட கட்டடங்கள் வழியாகத்தான் பயணம் செய்கின்றன. அந்தக் கட்டடங்களும் மின்சாரம் தின்கின்றன. உலகத் தரவு மையங்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் பயன்படுத்தின, உலக நுகர்வில் ஒன்றரை விழுக்காடு என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. 2030-இல் இது இரு மடங்குக்கு மேல் போகலாம் என்கிறது.

இதற்கும் தரநிலை உண்டு. கட்டடம் மொத்தம் இழுக்கும் மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பியூஇ. ஐஎஸ்ஓ 30134 வரிசையின் இரண்டாம் பகுதி. 1.5 என்றால், கணினிக்கு ஒரு யூனிட், குளிரூட்டல் முதலானவற்றுக்கு அரை யூனிட். நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த எண்ணைக் குறைப்பது கடினம். குறைக்கும் பொறியாளர்களைப் பாராட்டலாம். ஆனால் இது விகிதம் மட்டுமே. மொத்தம் எவ்வளவு என்று சொல்லாது. அந்த மின்சாரம் காற்றாலையிலிருந்தா நிலக்கரியிலிருந்தா என்றும் சொல்லாது. தண்ணீரைப் பற்றி மூச்சு விடாது. கரிக்கு அதே வரிசையில் எட்டாம் பகுதி, தண்ணீருக்கு ஒன்பதாம் பகுதி, இரண்டும் 2022-இல் வந்துவிட்டன. விளம்பரப் பலகைகளில் இடம்பிடிப்பது இரண்டாம் பகுதி மட்டும்.

தண்ணீர்க் கட்டம் இந்தக் கரைக்கு ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. சிறுசேரியிலிருந்து சற்றுத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம்: 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை, 2024-இல் இன்னும் 15 கோடி. அதுவும் மின்சாரம் தின்னும் வேலைதான். தமிழ்நாட்டுக் கரையில் 1990 முதல் 2018 வரை 42 விழுக்காட்டுக்கும் மேல் அரிப்புக்கு ஆளானது என்று பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. கடல் ஏறிவரும் மாவட்டத்தில், கடலைக் குடித்து, கணினியைக் குளிர்விக்கிறோம். பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் மின்சாரம், தண்ணீர், கரி வெளியீடு பற்றி அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. அது நிறுவனம் முழுமைக்குமான கணக்கு. இந்த ஊரில் இந்தக் கட்டடம் எவ்வளவு குடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மலிவு நிலமும் மின்சாரச் சலுகையும் தரும் அரசு, பதிலுக்கு எட்டாம், ஒன்பதாம் பகுதி எண்களை ஆண்டுக்கொரு முறை வெளியிடச் சொல்லலாம். இது பெரிய நிபந்தனை அல்ல. அளவீட்டு முறை தயாராக இருக்கிறது, கேட்பார்தான் இல்லை.

தகவல் தொழில்நுட்பத் துறை 2020 முதல் 2030-க்குள் கரி வெளியீட்டை 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எல்.1470 என்ற தரநிலை சொல்கிறது. அந்தக் கெடுவில் பாதிக் காலம் கடந்துவிட்டது. சிறுசேரியின் பங்கு கூடியதா குறைந்ததா என்று ஒரு செங்கல்பட்டுக்காரரால் இன்று சொல்ல முடியாது.

உங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் போனின் அமைப்புகளில் பாதுகாப்பு, அவசர எச்சரிக்கை என்ற பகுதிக்குப் போய், அவசர ஒளிபரப்புச் செய்தி அணைந்திருந்தால் இயக்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் பாருங்கள். சசேத் செயலியில் உங்கள் ஊரையும் தமிழையும் தேர்ந்தெடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்கள் முன்னால் வருகிறது. கரையோர, ஆற்றோர ஊராட்சிகளில் இருப்பவர்கள் அன்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: எங்கள் ஊருக்கான எச்சரிக்கை எங்கள் ஊரின் எல்லையோடு, தமிழில், எங்கே போக வேண்டும் என்ற வரியோடு வர வேண்டும்.